வழக்கமான மருந்துகளைத் தொடரவும்

மதலேனா அந்தத் தனியார் மருத்துவமனையின் மருந்தகத்தில் சேர்ந்து பத்தொன்பது வருஷமாகிறது. தமிழர் கடைகள் நிறைந்த தேக்காவிலிருந்து நடந்தே வந்துவிடலாம் என்பதால் கவுண்டருக்கு வருகிறவர்களில் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய. வயதானவர் யாராவது மருந்துப் பையைக் கையில் வாங்கிக்கொண்டு திருதிருவென்று விழித்தால், மற்ற மருந்தாளர்கள் உள்ளே திரும்பி அவளைக் கூப்பிடுவார்கள். அவள் வெளியே வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு மாத்திரையாக எடுத்துக் காட்டி விளக்குவாள். அந்த வேலையில் அவளுக்குப் பிடித்ததே அது ஒன்றுதான்.

அழகப்பன் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை மதியம். வார இறுதிக்குள் வார்டைக் காலி செய்துவிட வேண்டும் என்று எல்லா டாக்டர்களும் ஒரே நேரத்தில் டிஸ்சார்ஜ் எழுதுகிற நாள். அவருக்கு எழுபத்து நான்கு வயது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். நான்கு நாட்களுக்கு முன் அவர் மனைவி தங்கம் தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது நெஞ்சு படபடத்து அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் இருந்தது இந்த மருத்துவமனைதான். மெல்பர்னில் இருக்கும் மகன் நிதீஷ் எடுத்துக் கொடுத்த மருத்துவக் காப்புறுதியும் இருந்தது. டாக்டர் திலீப் எல்லாச் சோதனையும் செய்து பார்த்து, இதயத் துடிப்பு கொஞ்சம் தாறுமாறாக ஓடுகிறது, மருந்திலேயே சரியாகிவிடும் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்.

மருந்துச் சீட்டில் ஒன்பது மருந்துகள் இருந்தன. ஒன்பதும் கம்பெனிப் பெயர்களில்.

"இவ்வளவுமா?" என்றார் தங்கம். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து கைப்பையை மடியில் அணைத்துப் பிடித்திருந்தார். "இதையெல்லாம் முழுங்கிட்டு அப்புறம் சோறு எங்க போறது?"

மதலேனா சிரித்தாள். பிறகு வழக்கமாகக் கேட்பதைக் கேட்டாள்.

"அங்கிள், ஆன்ட்டி வீட்டுல வேற மருந்து ஏதும் சாப்பிடுறாங்களா?"

"வேற ஒண்ணும் இல்லம்மா. பாலிகிளினிக் மருந்து மட்டுந்தான். பிரஷருக்கும் சுகருக்கும்."

"பேரு ஞாபகம் இருக்கா?"

"பேரு யாரு பாத்தா? வெள்ளையா சின்னதா ஒண்ணு. மஞ்சளா ஒண்ணு. இன்னொண்ணு பெருசு, அதப் பாதியா ஒடைக்கணும்."

அரசாங்கப் பாலிகிளினிக்கில் என்ன கொடுத்திருக்கிறார்கள் என்பது இந்த மருத்துவமனைக் கம்ப்யூட்டரில் தெரியாது. மதலேனா டிஸ்சார்ஜ் தாளைப் புரட்டினாள். கடைசி வரியில் ஆங்கிலத்தில், வழக்கமான மருந்துகளைத் தொடரவும் என்று இருந்தது. வழக்கமான மருந்துகள் என்னென்ன என்று தாளில் எங்கும் இல்லை. அவள் டாக்டரின் கிளினிக்குக்கு ஃபோன் போட்டாள்.

"டாக்டர் புரொசீஜர்ல இருக்காரு" என்றாள் உதவியாளர். "எழுதியிருக்கிறபடியே குடுத்துடுங்க லா. ஒரு மாசத்துல ரிவ்யூ இருக்கு, அப்பப் பாத்துப்பாரு."

"பாலிகிளினிக் மருந்தை நிறுத்தணுமா, தொடரணுமான்னு மட்டும் கேட்டுச் சொல்ல முடியுமா?"

"வெளிய வந்ததும் சொல்றேன்."

டாக்டர் எப்போது வெளியே வருவார் என்று அந்த உதவியாளருக்கும் தெரியவில்லை. கவுண்டரில் எண் மாறிக்கொண்டே இருந்தது. மதலேனாவுக்குப் பின்னால் பதினான்கு பைகள் காத்திருந்தன. வாசலில் டாக்சி வந்து நின்று, டிரைவர் ஹார்ன் அடித்தார்.

மதலேனா மருந்துப் பையின் மேல் மருந்தகத்தின் நம்பரைப் பெரிதாக எழுதினாள். "அங்கிள், வீட்டுக்குப் போனதும் அந்தப் பழைய மருந்து அட்டையில இருக்கிற பேரை எனக்கு ஃபோன்ல படிச்சுக் காட்டணும். மதலேனான்னு கேளுங்க. அதுவரைக்கும் ரெண்டையும் சேத்துக் குடுக்காதீங்க, சரியா?"

"செஞ்சிடுறேன்மா" என்றார் அழகப்பன். விளக்கம் பெற்றுக்கொண்டதாகத் தாளில் கையெழுத்துப் போட்டார். விளக்கம் அளித்தவர் என்ற இடத்தில் அவள் போட்டாள்.

ஆறு மணிவரை அழகப்பனிடமிருந்தோ டாக்டரின் கிளினிக்கிலிருந்தோ அவளுக்கு ஃபோன் வரவில்லை. அவளும் அதற்குள் நாற்பது பேருக்கு மருந்து கொடுத்திருந்தாள். சனி, ஞாயிறு விடுப்பு. திங்கட்கிழமை வேலைக்கு வந்தபோது அழகப்பன் என்ற பெயரே அவள் நினைவில் இல்லை.

இப்படிப்பட்ட சீட்டுகளால் ஒரு நாள் ஆபத்து வரும் என்று மதலேனாவுக்குத் தெரியாமல் இல்லை. அதற்கு முந்தைய வருஷம்தான், மூன்று மாத டிஸ்சார்ஜ் சீட்டுகளில் இருநூறை எடுத்து, மதிய உணவு நேரத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்திருந்தாள். ஆளுக்குச் சராசரியாக ஏழு மருந்து. மருந்தின் பொதுப்பெயரில் எழுதிய சீட்டு ஐந்தில் ஒன்றுகூட இல்லை. வயிற்றெரிச்சல் இருக்கிறதோ இல்லையோ, ஏறக்குறைய எல்லாருக்கும் வயிற்றுக்கு ஒரு மாத்திரை. சாதாரண ஆன்டிபயாடிக் போதுமான இடத்தில் புதிதாக வந்த பலமானது. எந்த ஊரிலும் அத்தியாவசியம் என்று பட்டியல் போட்டு வைத்திருக்கும் பழைய, எளிய மருந்துகள் மருந்தகத்தின் கீழ்த்தட்டில் தேதி முடியும்வரை அசையாமல் கிடந்தன. இதையெல்லாம் நான்கு பக்கத்தில் எழுதி, ஒரே மருந்து இரண்டு பெயர்களில் ஒருவரிடம் போய்ச் சேரும் ஆபத்து இருக்கிறது என்று தனியாக ஒரு பத்தியும் சேர்த்து, மருந்துக் குழுவுக்குக் கொடுத்தாள். குழுவில் டாக்டர்கள் எட்டுப் பேர். "மேடம், எங்க பேஷண்டுக்கு எது நல்லதுன்னு எங்களுக்குத் தெரியாதா?" என்று ஒருவர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். கூட்டக் குறிப்பில் அறிக்கை கவனத்தில் கொள்ளப்பட்டது என்று ஒரு வரி வந்தது. அவ்வளவுதான்.

பத்தொன்பது நாள் கழித்து, ஒரு புதன்கிழமை காலை, அழகப்பன் மறுபடியும் கவுண்டருக்கு வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் துணிப்பை.

"மூணு மாத்திரை தீரப் போகுதும்மா. ரிவ்யூக்கு இன்னும் பத்து நாள் இருக்கு. அதான் முன்னாடியே வாங்கிட்டுப் போயிடலாம்னு." பிறகு, பரீட்சையில் நல்ல மார்க் வாங்கிய பிள்ளைபோல், "ஒரு வேளைகூட விடலம்மா. எல்லாத்தையும் நேரத்துக்குக் குடுத்துட்டேன்" என்றார்.

அப்போதுதான் மதலேனாவுக்கு நினைவு வந்தது.

"எல்லாம்னா, அங்கிள்?"

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். காலை, மதியம், இரவு என்று கோடு போட்டுப் பிரித்து, ஒவ்வொரு மருந்தின் பெயரையும் அட்டையைப் பார்த்து எழுத்தெழுத்தாக எழுதியிருந்தார். பன்னிரண்டு பெயர்கள். காலைக் கட்டத்தில் மூன்றாவதாக வெலோகார், ஐந்து மில்லிகிராம். அதற்கு நேர்கீழே பிசோப்ரோலால், ஐந்து மில்லிகிராம். வெலோகார் என்பது பிசோப்ரோலாலுக்கு ஒரு கம்பெனி வைத்த பெயர். இரண்டும் ஒன்றேதான், இதயத் துடிப்பை மெதுவாக்குகிற மாத்திரை. பிரஷர் மாத்திரையும் அப்படியே இரண்டு பெயரில், இரண்டு மடங்காக இருந்தது.

"அங்கிள், ஆன்ட்டி எப்படி இருக்காங்க?"

"இருக்கா. ரெண்டு நாளா எந்திரிச்சா தரை ஆடுதுங்கிறா. எப்பப் பாத்தாலும் படுக்கைதான். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த அசதி, இல்லம்மா?"

"இப்ப வீட்டுல யாரு கூட இருக்காங்க?"

"தூங்கிட்டிருந்தா. நான் சட்டுனு வந்துட்டேன்."

"உடனே ஃபோன் பண்ணுங்க அங்கிள்."

அவர் ஃபோனை எடுத்தார். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டார். எடுக்கவில்லை. "பாத்ரூம்ல இருப்பா" என்றார். மூன்றாவது முறை அவர் விரல் சரியான இடத்தில் படவில்லை. எதிர்வீட்டில் அனம் என்று ஒரு பெண் இருக்கிறாள், அவளிடம் சாவி உண்டு என்றார். மதலேனா அந்த நம்பரைத் தானே போட்டு, ஸ்பீக்கரில் வைத்துக் கொடுத்தாள்.

அனம் ஃபோனைக் கையில் பிடித்தபடியே கதவைத் திறந்து உள்ளே போனது கேட்டது. ஆன்ட்டி, ஆன்ட்டி என்று கூப்பிட்டது கேட்டது. பிறகு ஒரு அலறல்.

"அங்கிள், ஆன்ட்டி கிச்சன்ல விழுந்து கெடக்குறாங்க. கண்ணு தொறந்திருக்கு, ஆனா பேச மாட்டேங்கிறாங்க."

மதலேனா ஃபோனை வாங்கி, ஆளை அசைக்க வேண்டாம், உடனே 995க்கு அழை, மேசையில் இருக்கும் எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு ஆம்புலன்ஸ்காரர்களிடம் கொடு என்று அடுக்கிச் சொன்னாள். இது தவிர அங்கிருந்து அவள் செய்யக்கூடியது எதுவும் இல்லை. அவர்கள் இருந்தது செங்காங்கில். டாக்சியில் போனாலும் இருபத்தைந்து நிமிஷம்.

அழகப்பன் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "என்னம்மா ஆச்சு? என்ன மருந்து அது?"

"அங்கிள், நான் ஃபோன் பண்ணச் சொன்னேனே…" சொல்லி முடிப்பதற்குள்ளேயே அதைக் கேட்டிருக்கக் கூடாது என்று பட்டது.

"பண்ணுனேன்மா. அன்னிக்கே பண்ணுனேன், ரெண்டு தடவ. ஒண்ண அமுக்கு, ரெண்ட அமுக்குன்னு இங்லீஷ்ல சொல்லிக்கிட்டே இருந்துச்சு. ரெண்டாவது தடவ ஒரு பொண்ணு எடுத்துச்சு. மதலேனான்னு கேட்டேன், பிஸின்னுச்சு. பழைய மருந்தும் குடுக்கலாமான்னு கேட்டேன். பேப்பர்ல என்ன போட்டிருக்குன்னு கேட்டுச்சு. படிச்சேன். அப்ப டாக்டர் சொன்னபடி தொடருங்கன்னு சொல்லிடுச்சு. அதான் தொடந்தேன்."

அவரை டாக்சியில் ஏற்றிவிட்டு மதலேனா திரும்பியபோது, அவள் கவுண்டர்முன் எட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

ஆம்புலன்ஸ்காரர்கள் பார்த்தபோது தங்கத்தின் நாடி நிமிஷத்துக்கு முப்பத்து நான்கு. அரசாங்க மருத்துவமனையில் நாடியைத் தூக்கி நிறுத்தினார்கள். ஆனால் விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்திருந்தது. தலையிலும் அடி. ஆபரேஷன் செய்தார்கள். அதற்குப் பிறகு அவர் எழுந்து உட்காரவே இல்லை. முதல் வாரம் கணவரை அடையாளம் தெரிந்தது. இரண்டாம் வாரம் அவரைப் பார்த்து, மீன்காரரிடம் பேசுவதுபோல் விலை கேட்டார். இதையெல்லாம் அழகப்பன்தான் ஃபோனில் சொன்னார். மதலேனா தன் சொந்த நம்பரைக் கொடுத்திருந்தாள். தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கு, வார்டிலிருந்து வெளியே வந்ததும் அழைப்பார்.

"இன்னிக்கி ரெண்டு கரண்டி கஞ்சி குடிச்சாம்மா" என்பார். அல்லது, "இன்னிக்கிக் காய்ச்சல்."

தங்கம் விழுந்த அன்றே மதலேனா நடந்ததை எழுதி மேலிடத்துக்கு அனுப்பியிருந்தாள். மறுநாள் டாக்டர் திலீப்பை அவருடைய அறையில் போய்ப் பார்த்தாள். அவர் கெட்டவர் இல்லை. முகம் வெளுத்துப்போய்த்தான் கேட்டார்.

"நான் வார்டுலேயே சொன்னேன், மதலேனா. பழைய மருந்தை நிறுத்திடுங்கன்னு. அவரும் தலையாட்டினார்."

"எந்த மொழியில சொன்னீங்க, டாக்டர்?"

"இங்லீஷ்லதான்."

"தாள்ல தொடரவும்னு இருக்கே."

"அது டெம்ப்ளேட். அந்த வரி எல்லாச் சம்மரியிலயும் தானா வந்துடும். நான் அழிச்சிருக்கணும்." கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "அன்னிக்கு எனக்குப் பதினொரு டிஸ்சார்ஜ்."

வெலோகார் என்று எழுதாமல் பிசோப்ரோலால் என்று எழுதியிருந்தால், பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று அழகப்பனே கண்டுபிடித்திருப்பார். அத்தனை கவனமாக எழுத்துக்கூட்டி எழுதிய மனிதர் என்று அவள் சொல்ல நினைத்தாள். சொன்னாள். டாக்டர் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டார்.

இரண்டு வாரம் கழித்து மருந்தக மேலாளர் மிஸஸ் கோ அவளைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். விசாரணை முடிந்துவிட்டது. மேசைமேல் அந்த வெள்ளிக்கிழமைத் தாளின் நகல் இருந்தது.

"நீ அவருக்குத் தெளிவா விளக்கியிருக்கே. இதோ அவர் கையெழுத்து, இதோ உன் கையெழுத்து" என்றார் மிஸஸ் கோ. "உன்மேல ஒரு குறையும் இல்ல. பராமரிப்பவர் அறிவுரையைப் பின்பற்றலன்னு முடிவு பண்ணியிருக்காங்க."

"அவர் ஃபோன் பண்ணியிருக்கார். ரெண்டு தடவ."

"அந்த அழைப்பு எதுவும் பதிவாகல."

"நான் பொய் சொல்றேன்னா?"

"நீ சொல்றத எழுதியாச்சு, மதலேனா. அறிக்கையில இணைச்சாச்சு." மிஸஸ் கோவின் குரல் தணிந்தது. "இன்னொண்ணு. இனிமே அந்தக் குடும்பத்தோட நீ நேரடியாப் பேசக் கூடாது. எல்லாம் லீகல் டிபார்ட்மெண்ட் வழியாத்தான். உன் நல்லதுக்குச் சொல்றேன்."

அன்று சாயங்காலம் ஐந்தரைக்கு ஃபோன் அடித்தது. மதலேனா எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டிருந்தாள். எடுத்தாள்.

"லெட்டர் வந்துச்சும்மா" என்றார் அழகப்பன். "பக்கத்து வார்டுப் பையன்கிட்டக் குடுத்துப் படிக்கச் சொன்னேன். எனக்கு எல்லாம் விளக்கிச் சொன்னாங்களாம், நான்தான் கேக்கலையாம்."

"அது உண்மையில்ல அங்கிள். நீங்க ஃபோன் பண்ணீங்க. நான் எழுதிக் குடுத்திருக்கேன்."

"உங்க கையெழுத்து இருக்குதும்மா அதுல."

ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்து இணைப்பு அறுந்துபோனது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி அவள் திரும்ப அழைத்தாள். அவர் கோபமாக இல்லை. கோபமாக இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். "விடுங்கம்மா, நீங்க என்ன பண்ணுவீங்க" என்றார். தங்கத்துக்கு மறுபடி காய்ச்சல், நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது என்றார்.

விழுந்த இருபத்து மூன்றாம் நாள் விடியற்காலை தங்கம் போய்ச் சேர்ந்தார்.

செங்காங்கில் அவர்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் பந்தல்போல் வெள்ளைத் துணி கட்டி, வட்ட மேசைகள் போட்டிருந்தார்கள். மதலேனா மதிய வேலைக்கு மாற்றிக்கொண்டு காலையிலேயே வந்துவிட்டாள். போகக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். போனாள். பெட்டிக்குள் தங்கம் மஞ்சள் பூசி, பட்டுப்புடவை கட்டிப் படுத்திருந்தார். மதலேனா தன் வழக்கப்படி சிலுவைக் குறி போட்டுக்கொண்டு நின்றாள்.

அழகப்பன் அவளைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். கையைப் பிடித்து அழைத்துப்போய், உட்கார்ந்திருந்த சொந்தக்காரர்களிடம் சொன்னார். "இவங்கதான் ஆஸ்பத்திரி மருந்தாளர். ரொம்ப நல்ல மாதிரி. அன்னிக்கி என் தாளப் பாத்த ஒடனே கண்டுபிடிச்சது இவங்கதான். நான்தான் ஒரே மருந்த ரெண்டு தடவ குடுத்துட்டேன். என் கையாலயே."

ஒரு பெண்மணி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். வேறொருவர், "விதிப்பா, விடு" என்றார். எல்லாரும் மதலேனாவை நன்றியோடு பார்த்தார்கள். யாரோ ஒரு கப் காப்பியை அவள் கையில் கொடுத்தார்கள்.

"இல்ல" என்றாள் அவள். "அங்கிள் மேல தப்பு இல்ல. இது வந்து…" எங்கிருந்து ஆரம்பிப்பது? டெம்ப்ளேட்டிலிருந்தா, இரண்டு பெயரிலிருந்தா, தன் கையெழுத்திலிருந்தா? அதற்குள் சடங்கு செய்பவர் வந்து எல்லாரையும் எழுந்திருக்கச் சொன்னார்.

வாய்க்கரிசி போடும் வரிசையில் நிதீஷ் அவள் பக்கம் வந்தார். முதல் நாள் இரவுதான் மெல்பர்னிலிருந்து வந்திறங்கியவர், கண்கள் வீங்கியிருந்தன.

"நீங்க ஆஸ்பத்திரியில இருந்துதானே? எங்களுக்குத் தெரிய வேண்டியது ஏதாவது இருக்கா?"

மதலேனா சொன்னாள். நின்ற இடத்திலேயே, ஐந்து நிமிஷத்தில், எல்லாவற்றையும் சொன்னாள். டிஸ்சார்ஜ் தாளின் கடைசி வரி, வராத டாக்டர், பதிவாகாத ஃபோன், தான் ஒரு வருஷம் முன்னால் எழுதிய நான்கு பக்கம், திங்கட்கிழமை தான் மறந்தது. "நீங்க புகார் குடுத்தா நான் வந்து சொல்றேன். வேலை போனாலும் சொல்றேன்" என்று முடித்தாள்.

நிதீஷ் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். "நானும் குடுக்கலாம்னுதான் சொன்னேன். அப்பா ஒத்துக்க மாட்டேங்கிறாரு. தான் குடுத்த மருந்து, அதுக்கு இன்னொருத்தர் மேல பழி போடக் கூடாதுங்கிறாரு." பிறகு, "நீங்க சொன்னாக் கேப்பாரு. அவர்கிட்டச் சொல்லுங்க, பிளீஸ்" என்றார்.

மண்டாய் தகனச்சாலைக்குப் போகும் பஸ் வந்து நின்றிருந்தது. அழகப்பன் முன்வரிசை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மதலேனா வெளியே நின்று கண்ணாடியைத் தட்டினாள். அவர் திறந்தார்.

"அங்கிள், நான் சொல்றதக் கொஞ்சம் கேளுங்க. நீங்க எழுதியிருந்ததச் சரியாத்தான் செஞ்சீங்க. தப்பா எழுதிக் குடுத்தது நாங்க. இது உங்க தப்பு இல்லவே இல்ல."

அவர் அவளை அன்பாகப் பார்த்தார். "மூணாவது தடவ ஃபோன் பண்ணியிருக்கலாம்லம்மா" என்றார். "இல்லேன்னா மறுநாள் பஸ் ஏறி நேர்ல வந்திருக்கலாம். சும்மா வீட்டுலதான இருந்தேன்."

அதற்கு மேல் அவள் எதைச் சொன்னாலும் அவர் சரிம்மா, சரிம்மா என்றே தலையாட்டினார். பஸ் கிளம்பியது.

நிதீஷ் பதினாறாம் நாள் காரியத்தை முடித்துக்கொண்டு மெல்பர்ன் திரும்பினார். மதலேனா ஒரு மாதம் அவருடைய அழைப்புக்குக் காத்திருந்தாள். பிறகு தானே ஒரு செய்தி அனுப்பினாள். அப்பா விருப்பப்படியே விட்டுவிடுகிறோம், உங்கள் அக்கறைக்கு நன்றி என்று பதில் வந்தது. அவள் தன் பெயரிலேயே சுகாதார அதிகாரிகளுக்கு ஒரு கடிதம் எழுதினாள். பெற்றுக்கொண்டோம், தேவைப்பட்டால் தொடர்புகொள்வோம் என்று அவர்களும் பதில் போட்டார்கள். மருத்துவமனையில் விளக்கத் தாளில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்தார்கள்: வேறு மருந்துகள் உண்டா, ஆம், இல்லை. ஆம் என்று குறித்தால் அதற்கப்புறம் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. மதலேனா அதைக் கூட்டத்தில் கேட்டாள். அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்றார்கள்.

அழகப்பன் ஐந்தரை மணிக்கு அழைப்பது நின்றுபோயிற்று. ஒருமுறை அவள் அழைத்தபோது அனம்தான் எடுத்தாள். அங்கிள் இப்போது சரியாகச் சாப்பிடுவதில்லை, தன்னுடைய பிரஷர் மாத்திரையையும் நிறுத்திவிட்டார், எத்தனை சொன்னாலும் மருந்து என்றாலே கையை ஆட்டி வேண்டாம் என்கிறார், நீங்கள் கொஞ்சம் பேசிப் பாருங்களேன் என்றாள்.

"ஃபோனை அவர்கிட்டக் குடுங்க" என்றாள் மதலேனா.

அனம் கொண்டுபோய்க் கொடுத்தது கேட்டது. தொலைக்காட்சிச் சத்தம் கேட்டது. அவர் மூச்சு விடுவது கேட்டது.

"அங்கிள்" என்றாள். "அங்கிள், நான் மதலேனா."

அவர் ஃபோனை வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை.